எஸ்தர் அக்காவின் கிராப்புப் புத்தகம்

பங்களாதேஷ் யுத்தம் எங்கள் வீட்டுக்குப் பழுப்புக் காகிதமாக வந்தது. அப்பா ஒரு பெரிய சுருள் வாங்கிவந்தார். அம்மா மைதா பசை காய்ச்சினாள். சித்தப்பா ஸ்டூல் மேல் ஏறி ஜன்னல் கண்ணாடிகளில் எல்லாம் ஒட்டினார். பெங்களூரில் குண்டு விழுமா என்று யாருக்கும் தெரியாது. விழுந்தால் அது ஒக்கலிபுரத்தை ஒட்டிய எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் மேல்தான் விழும் என்பதில் சித்தப்பாவுக்கு மட்டும் சந்தேகமே இல்லை. வேலை தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தவர் அவர். வேலை கிடைப்பதற்குள் யுத்தம் கிடைத்துவிட்டது. சிவில் டிஃபென்ஸில் பெயர் கொடுத்து, கையில் கட்ட ஒரு பட்டையும் ஊத ஒரு விசிலும் வாங்கிவந்திருந்தார். சாயங்காலமானால் எங்கள் லைனில் எந்த ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தாலும் விசில் கேட்கும். பெரும்பாலும் அது எங்கள் வீட்டு ஜன்னலாகவே இருந்தது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மிச்சமிருந்த பசையை ஒரு கொட்டாங்குச்சியில் வழித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். எஸ்தர் அக்காவுக்குப் பசை எப்போதும் தேவைப்படும்.

எஸ்தர் அக்காவின் அப்பா ரயில் கார்டு. ஹூப்ளியிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள். அதற்கு முன்னால் பம்பாய்க்குத் தெற்கே கடலோரத்தில் ஏதோ ஊர். வீட்டில் மராத்தி பேசுவார்கள். எங்களோடு கன்னடமும் தமிழும் கலந்த ஒரு பாஷை. அவர்கள் என்ன சனம் என்பதில் ஆரம்பத்தில் எங்கள் லைனுக்குப் பெரிய குழப்பம். பெயர்களைக் கேட்டுக் கிறிஸ்தவர்கள் என்று நினைத்த கடைசி வீட்டு டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அழைத்தார், அவர்கள் போகவில்லை. அந்த வீட்டு அம்மா கழுத்தில் கருகமணி போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எண்ணெய் விளக்கு ஏற்றினார்கள். சனிக்கிழமை அடுப்பே பற்றவைக்கவில்லை. வாசல் நிலையில் விரல் நீளத்துக்கு ஒரு சின்னத் தகரக் கூடு அடித்திருந்தது. வெளியே போகும்போதும் உள்ளே வரும்போதும் அதைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். யூதர்கள் என்று அப்பா விசாரித்துவந்து சொன்னார். அப்படியென்றால் என்ன என்று அம்மா கேட்டதற்கு, “ரொம்பப் பழைய சனமாம்” என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. பிறகு ஒரு விசேஷத்தன்று அந்த வீட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. அவலில் தேங்காயும் சர்க்கரையும் பழத்துண்டுகளும் சேர்த்துப் பிசைந்திருந்தார்கள். அவல் சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்ததும் அம்மாவின் குழப்பம் தீர்ந்துபோயிற்று.

அக்காவுக்குப் பதினாறு வயது. பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். ஸ்கிராப் புக் என்று அவள் சொன்னதை நான் ‘கிராப் புக்’ என்றுதான் காதில் வாங்கிக்கொண்டேன். விதவிதமாகக் கிராப்பு வெட்டிக்கொண்ட ஆட்களின் படங்கள் இருக்கும் என்று ஆசையாகத் திறந்தால் ஒரு தலைகூட இல்லை. பிளாட்பாரம் டிக்கெட் ஒன்று. தீப்பெட்டி லேபிள்கள். ரேஷன் கடைச் சர்க்கரை கட்டிவந்த காகிதத்தின் மூலை. யார்டில் கிழிந்துபோன பச்சைக்கொடியிலிருந்து ஒரு நூல் பிரி. ஜன்னலில் ஒட்டியது போக மிஞ்சிய பழுப்புக் காகிதம். ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் தேதியும் இடமும் மட்டும்.

என் வகுப்பில் எல்லோரும் பேப்பரில் வரும் டாங்கிகளையும் விமானங்களையும் தளபதிகளையும் வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஏன் அதையெல்லாம் ஒட்டவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

“அது எல்லார் ஹத்திரவும் இருக்கும் மரி. நம்ம லைன்ல நடக்கறது யார் ஹத்திர இருக்கு?” என்றாள். ‘கிட்ட’ என்பதற்கு அவள் கடைசிவரை ‘ஹத்திர’ என்றுதான் சொன்னாள், ‘குட்டி’ என்பதற்கு ‘மரி’ என்று.

இது மெல்ல வெளியே பரவியது. முதலில் சிரித்தவர்கள், யுத்தம் சூடுபிடித்ததும் தாங்களும் அந்தப் புத்தகத்தில் இடம்பெற வேண்டும் என்று நினைத்தார்கள். தையல்காரர் தான் தைத்த காக்கிச் சட்டையின் வெட்டுத் துணியைக் கொடுத்தார். டீச்சரம்மா புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த ஒரு ரோஜாவைக் கொடுத்தார். சித்தப்பா ஸ்டுடியோவுக்கே போய்விட்டார். கையில் பட்டை, வாயில் விசில், தலையில் யாரிடமோ கடன் வாங்கிய இரும்புத் தொப்பி. அந்தப் படத்துக்கு ஒரு முழுப்பக்கம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார். விழுந்த என் பல் ஒன்றும் பிளாஸ்திரி போட்டு ஒட்டப்பட்டது. வாசலில் போடும் கோலத்தைக் காகிதத்தில் போட்டுத் தரும்படி அம்மாவை அக்கா கேட்டாள். அம்மா வெட்கப்பட்டு, மறுத்து, நிறையத் தாள்களை வீணாக்கிய பிறகு ஒன்றைக் கொடுத்தாள்.

ஒருநாள் மத்தியானம் ராணுவ வீரர்கள் நிறைந்த ரயில் ஒன்று சிக்னல் கிடைக்காமல் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றுவிட்டது. விஷயம் தெரிந்ததும் லைனில் இருந்த பெண்கள் எல்லாம் அவரவர் வீட்டில் இருந்ததைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மா எங்களுக்குக் கிளறிவைத்திருந்த எலுமிச்சம்பழச் சோற்றை அண்டாவோடு எடுத்துக்கொண்டாள். அக்கா புத்தகத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டாள். நான் அவள் பின்னால்.

ஜன்னல் ஜன்னலாகப் புத்தகத்தை நீட்டினாள். அவர்கள் பெயரையும் ஊரையும் அவரவர் எழுத்தில் எழுதினார்கள். நான் பார்த்தேயிராத எழுத்துக்கள். ஒருவர் எழுதாமல் ஒரு கிளி வரைந்தார். தமிழ்க்காரர் ஒருவரும் இருந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கியவர், வெகுநேரம் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டிருந்துவிட்டு, அதை என்னிடம் நீட்டினார்.

“நீ எழுது பாப்பா. என் எழுத்து எனக்கே வெளங்காது.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். ஆம்பூர் பக்கத்திலிருந்து வருகிறேன். எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டேன். எங்கள் அம்மா செய்வதைவிட நன்றாக இருந்தது. இதை எங்கள் அம்மாவிடம் சொல்லக் கூடாது. இவ்வளவுதான். மேலேயிருந்து எட்டிப் பார்த்து, “அந்த ‘ழு’ இல்ல பாப்பா, ‘லு’ போடு” என்றார். எழுத்து விளங்காது என்றவர் என் பிழையைச் சரியாகப் பிடித்துவிட்டது எனக்கு ரோசமாக இருந்தது. திருத்தி எழுதினேன். வண்டி புறப்பட்டுவிட்டது.

அதற்கு ஓரிரு நாள் கழித்து எஸ்தர் அக்காவின் அப்பா வேலைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார். ராணுவ வண்டியில் இருந்தவர்களின் பெயர்களையும் ஊர்களையும் கார்டு வீட்டுப் பெண் ஒருத்தி எழுதிவாங்கினாள் என்று யாரோ மேலே சொல்லியிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை டியூட்டிக்கு வர வேண்டாம் என்று உத்தரவு. உளவு என்ற வார்த்தையை நான் முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான். உழவு என்றுதான் நினைத்தேன். கார்டு வீட்டுக்கு நிலம் ஏது என்று அப்பாவிடம் கேட்டு அடி வாங்கப் பார்த்தேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து அந்த வீட்டுக்கு ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். முதலில் போனவர் சித்தப்பா. ஸ்டுடியோவில் நெகட்டிவ் தொலைந்துவிட்டதாம், காப்பி எடுக்கப் படம் வேண்டுமாம். தையல்காரருக்கு அந்தக் காக்கித் துணியின் நிறம் பார்க்க வேண்டியிருந்தது. டீச்சரம்மா நெடுநேரம் உட்கார்ந்து அக்காவின் அம்மாவுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, எழுந்திருக்கும்போது அந்த ரோஜாவைக் கேட்டார். அக்கா யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் பக்கத்தைக் காட்டி, பசை இளகியதும் நகத்தால் மெதுவாகப் பிரித்து எடுத்தாள். கிழியாமல் எடுத்து, துடைத்துக் கொடுத்தாள். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. என் பல்லை வாங்கிவரச் சொல்லி அப்பா என்னை அனுப்பினார். அதையும் ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள்.

கோலத்தையும் வாங்கிவிடச் சொல்லி அப்பா அம்மாவிடம் சொன்னார். சித்தப்பாவும் சொன்னார்.

“போட்ட கோலத்தத் திருப்பிக் கேக்கறதாம். யாராவது கேள்விப்பட்டா சிரிப்பாங்க” என்று அம்மா அரிசி களையப் போய்விட்டாள்.

விசாரிக்க வந்தவர் சாதாரணச் சட்டை பேண்ட்டில் இருந்தார். கன்னடக்காரர். கையில் ஒரு ஃபைல். அவர் வந்தபோது லைனில் ஒரு கதவும் திறந்திருக்கவில்லை. நான் மட்டும் கார்டு வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தேன். யாரும் என்னைத் துரத்தவில்லை. முதலில் அவர் கேட்ட கேள்வி நீங்கள் என்ன மதம் என்பது. பதிலைக் கேட்டுவிட்டு, அதை எப்படி எழுதுவது என்றும் கேட்டார். அக்காவின் அப்பா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

பிறகு புத்தகத்தைத் திறந்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். டிக்கெட்டையும் தீப்பெட்டி லேபிள்களையும் தாண்டியதும் பசைத் தடமும் அதன் கீழே அக்காவின் பொடி எழுத்தும்தான் இருந்தன, ஒட்டியிருந்தவற்றைக் காணோம். புரட்டப் புரட்ட அவர் முகம் இறுகியது. இங்கெல்லாம் என்ன இருந்தது, ஏன் அவசரமாகப் பிய்த்திருக்கிறீர்கள், யார் கையில் கொடுத்தீர்கள் என்று கேட்டார். அக்கா எழுந்து நின்றாள். லைனில் இருக்கிறவர்கள் கொடுத்தவை, அவர்களே வாங்கிக்கொண்டு போனார்கள் என்றாள். யார் யார் என்று கேட்டார். அதற்கு அவள் பதில் சொல்லவில்லை. அவள் அப்பா மராத்தியில் அதட்டினார். அம்மா கெஞ்சினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பெயர் தெரியும்தானே, மறந்துவிட்டாளோ என்று எனக்குத் தோன்றியது. சித்தப்பாவின் பெயரைச் சொல்லி உதவலாமா என்று வாயெடுத்தேன். அதற்குள் வந்தவர் ஒரு பக்கத்தில் புரட்டுவதை நிறுத்திவிட்டார்.

“இது யார் போட்ட ரங்கோலி?”

லைன்காரர்கள் கொடுத்ததில் பிய்க்காமல் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். பக்கத்து வீட்டு அம்மா போட்டது என்று அக்காவின் அப்பா சொன்னார். வந்தவர் ஜன்னலில் என்னைப் பார்த்து, உங்கள் அம்மாவைக் கூப்பிடு என்றார்.

அம்மா மாவுக் கையோடு வந்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். அவர் கேட்பதற்கு முன்பே, நான் போட்டதுதான் என்று கன்னடத்தில் சொன்னாள். மற்ற பக்கங்களில் என்ன இருந்தது என்று கேட்டார். அம்மா ஒரு நிமிஷம் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, லைன் முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

“வாங்கிட்டுப் போனவங்க எல்லாம் அதது எடுத்துக்கிட்டு வாங்க! வரலைன்னா ஒவ்வொரு வீட்டுப் பேரா நான் சொல்லுவேன். எங்க வீட்டுப் பேரைத்தான் மொதல்ல சொல்லுவேன்!”

அப்புறம் எங்கள் வீட்டுக் கதவு திறந்து சித்தப்பா வந்தார், படத்தை மார்போடு அணைத்தபடி. அவருக்குப் பின்னால் தையல்காரர். பிறகு டீச்சரம்மா. ரேஷன் கடை வரிசை மாதிரி கார்டு வீட்டு வாசலில் ஒரு வரிசை உண்டாகிவிட்டது. விசாரிக்க வந்தவர் ஒவ்வொன்றையும் வாங்கி, எந்தப் பக்கத்துப் பசைத் தடத்தில் பொருந்துகிறது என்று வைத்துப் பார்த்தார். சித்தப்பாவின் படத்தைக் கையில் எடுத்து இது யார் என்றார்.

“நாந்தான் சார்.”

தொப்பியைக் காட்டி, இது ஏது என்றார்.

“கடன் வாங்கினது சார்” என்றார் சித்தப்பா. அவர் குரல் அவ்வளவு மெலிந்து நான் கேட்டதில்லை.

என் முறை வந்தபோது பல்லைக் கொடுத்துவிட்டு, நம்பிக்கைக்காக வாயையும் திறந்து காட்டினேன். புதுப் பல் பாதி முளைத்திருந்தது. அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

வீரர்கள் எழுதிய தாள்களைப் புத்தகத்திலிருந்து பிரித்துத் தனியாக வைத்திருந்தார். அதில் ஒன்று குழந்தைக் கையெழுத்தாக இருக்கிறதே என்றார். நான்தான் எழுதினேன் என்றேன். படிக்கச் சொன்னார். எலுமிச்சம்பழச் சோற்றையும் அம்மாவிடம் சொல்லக் கூடாததையும் சத்தமாகப் படித்தேன்; வரிசையில் வந்து நின்றிருந்த என் அப்பா அதைக் கன்னடத்தில் சொன்னார். மற்றத் தாள்களை அவர் ஃபைலில் வைத்துக்கொண்டார். இதை மட்டும் நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

புறப்படும்போது வாசல் நிலையில் இருந்த தகரக் கூட்டைக் கவனித்து, உள்ளே என்ன என்று கேட்டார். அதுவரை எல்லாவற்றுக்கும் அடங்கின குரலில் பதில் சொல்லிக்கொண்டிருந்த அக்காவின் அப்பா, உள்ளே இருப்பது எங்கள் வேதத்தின் வரிகள், கை கழுவிவிட்டு வந்து நானே கழற்றிக் காட்டுகிறேன் என்றார். ஈரக் கையும் திருப்புளியுமாக அவர் வந்து நின்றபோது, வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

யுத்தம் சீக்கிரமே முடிந்தது. பழுப்புக் காகிதத்தைச் சுரண்டி எடுப்பதற்குத்தான் ஒட்டியதைவிட நாளானது. அக்காவின் அப்பாவை மறுபடி டியூட்டிக்குக் கூப்பிட்டார்கள். லைனில் எல்லோரும் அந்த வீட்டுக்காரர்களிடம் முன்னைவிடப் பிரியமாக இருந்தார்கள். டீச்சரம்மா கேக் கொடுத்தனுப்பினார். சித்தப்பா தன் படத்தைத் திரும்பக் கேட்கவே இல்லை. அது அங்கேயே இருக்கட்டும் என்று கேட்காதவர்களிடமும் சொன்னார். கொண்டுவந்த பொருட்களையெல்லாம் அக்கா ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மூடிவைத்திருந்தாள்.

எப்போது ஒட்டுவோம் என்று நான் தினமும் போய் நச்சரித்தேன். பரீட்சை இருக்கிறது என்பாள். தலைவலி என்பாள். ஒருநாள் புத்தகத்தையும் டின்னையும் என் கையில் கொடுத்து, “நீயே ஒட்டு மரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இவ்வளவு பெரிய பொறுப்பை நம்பிக் கொடுத்துவிட்டாளே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, எது எந்தப் பக்கம் என்று தெரியாமல், என் இஷ்டத்துக்கு எல்லாவற்றையும் ஒட்டி முடித்தேன். சித்தப்பா ரேஷன் கடைச் சர்க்கரைக்கு மேலே போய்விட்டார். காட்டினேன். நன்றாக இருக்கிறது என்றாள், பக்கத்தைப் புரட்டாமலே.

அடுத்த கோடை விடுமுறையில் அவர்கள் சொந்த ஊருக்குப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். ஹூப்ளிக்கா, பம்பாய்க்கா என்று கேட்டேன். இல்லை, இஸ்ரேலுக்கு, கப்பலோ விமானமோ ஏறிப் போக வேண்டும் என்றாள். அக்கா அங்கே போனதே இல்லையே, அது எப்படிச் சொந்த ஊர் என்று கேட்டேன். போகிற அன்று லைன் முழுவதும் வழியனுப்ப ஸ்டேஷன்வரை போனது. எனக்குக் காய்ச்சலாக இருந்ததால் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். அம்மாவும் எனக்காக இருந்துவிட்டாள்.

அவர்கள் கிளம்பிய பிறகு அம்மாவுக்குத் தெரியாமல் எழுந்து அந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. காலண்டர் மாட்டியிருந்த ஆணியைக்கூடப் பிடுங்கியிருந்தார்கள். நிலையில் இருந்த தகரக் கூடு போய், அந்த இடத்தில் இரண்டு சின்ன ஓட்டைகள். சமையலறை அலமாரியில் மட்டும் புத்தகம் இருந்தது.

எடுத்துக்கொண்டு ஓடினேன். தெருமுனையில், வண்டி கிளம்பத் தாமதமாகும் என்று ஸ்டேஷனிலிருந்து முன்னாலேயே திரும்பி வந்துகொண்டிருந்த சித்தப்பா சைக்கிளில் எதிர்ப்பட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் என்னைக் கம்பியில் உட்காரவைத்து மிதித்தார். பூனா போகிற வண்டி இன்னும் நின்றிருந்தது. ஜன்னல் ஜன்னலாகத் தேடி, அக்காவைக் கண்டுபிடித்து, கம்பிகளுக்கிடையே நுழைத்துக் கொடுத்தேன்.

“மறந்துட்டீங்கக்கா!”

அக்கா அதை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை வெளியே நீட்டி என் நெற்றியைத் தொட்டு, “காய்ச்சல் இருக்கு, ஏன் ஓடி வந்தே?” என்றாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். வண்டி நகர்ந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். நான் மட்டும் போய்ப் பார்த்திருக்காவிட்டால் புத்தகம் போயே போயிருக்கும், திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது என்றேன். அம்மா ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

“எங்க இருந்துச்சு?”

“அலமாரியில. நடுத் தட்டுல.”

“விழுந்து கெடந்துச்சா?”

“இல்லம்மா. தட்டைத் தொடச்சு, கீழ பேப்பர் விரிச்சு, அது மேல நேரா வெச்சிருந்தாங்க. அப்படியும் மறந்துட்டாங்க பாரு” என்றேன்.

அம்மா மறுபடி புளியைக் கரைக்க ஆரம்பித்தாள். எனக்கு நல்ல பசி. காய்ச்சல்கூட விட்டுவிட்ட மாதிரி இருந்தது.